நாலரைக் கட்டையும் குண்டுமல்லியும்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

“மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 58 வயது. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சவூதியில் 27 ஆண்டுகள் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பினேன். என் தகப்பனார் திருவிழா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். 15 வயது வரை அவரிடம் கொஞ்சம் கற்றேன். தம்மாமில் கம்பெனி கேம்ப்பில் ஒரு சின்ன கீபோர்டு வாங்கி, வெள்ளிக்கிழமை இரவுகளில் அறைத் தோழர்களுக்கு வாசிப்பேன். கேம்ப் மாடியில் எண்ணெய் டின்களில் தக்காளி, புதினா, கொத்தமல்லி வளர்த்தேன். நன்றாக வந்தன.

ஊரில் ஒன்பது சென்ட் இருக்கிறது. 80 அடிக்கு போர் போட்டேன். வண்டியில் வந்த நர்சரிக்காரரிடம் 30 ரோஜா, பத்துச் செம்பருத்தி வாங்கினேன். அவரைக்குப் பந்தல் போட்டேன். பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லால் அழகாக வரப்பு கட்டினேன். கடைக்காரர் சொன்னபடி இரண்டு மூட்டை ஜிப்சமும் போட்டேன். ரோஜா ஒன்றுகூட மிஞ்சவில்லை. செம்பருத்தி மஞ்சளாக நிற்கிறது. காய்ந்த குச்சிகளுக்கு என் மனைவி இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அப்பாவின் ஆர்மோனியத்தில் ஐந்து கட்டைகள் அழுந்தினால் எழுவதில்லை. மூன்று கட்டைகள் பேசுவதில்லை. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்து வரும் இடத்தில் முதல் கட்டையில் அப்பா சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அதைச் சட்ஜமாக வைத்துப் பாடினால் பாதியில் தொண்டை கட்டிவிடுகிறது. வலது மோதிர விரல் வேலையில் அடிபட்டு முழுதாக மடங்காது. ‘பழைய சாமான் வாங்குபவரிடம் பெட்டியைக் கொடுத்துவிடலாம், இனியும் பணத்தை வீணாக்க வேண்டாம்’ என்கிறான் மகன். பாலைவனத்தில் வளர்த்தவனுக்குச் சொந்த மண்ணில் ஏன் வளரவில்லை? பெட்டியைச் சரிசெய்வதா, விற்பதா? இந்த வயதில் இதெல்லாம் எனக்கு வருமா?”

அன்புள்ள தம்பி,

நான் உங்களைவிட எட்டு வயது மூத்தவள். அந்த உரிமையில் தம்பி என்று எழுதுகிறேன். நீங்களும் அடுத்த கடிதத்தில் அக்கா என்றே எழுதலாம்.

மண்ணைப் பற்றிய பகுதியைத்தான் முதலில் படித்தேன். தோட்டக்கலைத் துறையில் 1983இல் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்தக் கடற்கரையிலேயே கழித்தவளுக்கு அப்படித்தான் கண் போகும். பிறகு அந்தச் சிவப்புப் புள்ளிக்கு வந்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

செடிகள் போனதற்கு உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். தம்மாமில் உங்கள் மாடிக் குழாயில் வந்தது, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்த நீர். டின்னில் நிரப்பியது கடையில் வாங்கிய மண்ணாக இருந்திருக்கும். பாலைவனத்தில் இருந்தபோது நல்ல தண்ணீரில் பயிர் செய்தீர்கள். ஊருக்கு வந்த பிறகுதான் ரோஜாவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினீர்கள்.

நீங்கள் இணைத்திருக்கும் பரிசோதனைச் சீட்டில் போர் தண்ணீரின் மின்கடத்துதிறன், அதாவது நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண், 3.2 dS/m என்று இருக்கிறது. அந்த எண்ணை உப்பாக மாற்றிப் பார்த்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம். 15 லிட்டர் குடத்தில் 30 கிராம். நாளைக்குப் பத்துக் குடம் என்றால் 300 கிராம், நூறு நாளில் 30 கிலோ. யாராவது 30 கிலோ உப்பு மூட்டையைத் தூக்கிவந்து உங்கள் ரோஜாப் பாத்தியில் அவிழ்த்துக் கொட்டினால் விடுவீர்களா? குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பூச்செடிகளில் உப்பை மிகவும் தாங்காதவற்றில் ஒன்று ரோஜா. காய்கறிகளில் அவரை, பீன்ஸ் வகைகளும் அப்படித்தான். உப்புக்கு முதலில் சாய்கிற இரண்டையே நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இலை நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோல் கருகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்திருக்குமே, நினைவுபடுத்திப் பாருங்கள்.

நீர் ஊற்றிய விதமும் சேர்ந்துகொண்டது. தினமும் மாலையில் குழாயைப் பிடித்து இலைமேல் படத் தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். மேல்மண் ஓர் அங்குலம் நனையும். மறுநாள் வெயிலில் நீர் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கிவிடும். இலைமேல் விழுந்த துளியும் அப்படியே. இனி எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் வேரடியில் நிதானமாக, மேல்மண்ணின் உப்பு வேருக்குக் கீழே கழுவிப் போகும் அளவுக்கு ஊற்றுங்கள். தினமும் வேண்டியதில்லை. வேரைச் சுற்றிப் பனையோலைத் துண்டு, காய்ந்த சருகு, தென்னை மட்டை என்று எது கிடைக்கிறதோ அதைக் கனமாகப் பரப்புங்கள். நமது மணலில் மூடாக்கு இல்லாமல் விட்ட செடி, கூரை இல்லாத வீட்டில் இருப்பதுபோலத்தான். தென்னைநார்க் கழிவு வாங்கினால் நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே போடுங்கள். அலசாத நார்க்கழிவிலும் உப்பு இருக்கிறது.

ஜிப்சம் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் பணிக்கு வந்த புதிதில் நானே இதே தவறைச் செய்திருக்கிறேன். தேவிபட்டினம் பக்கம் ஒரு குடும்பம், இரண்டு பசு, ஒரு தென்னந்தோப்பு. “மண்ணில் உப்பு” என்றார்கள். சோதித்துப் பார்க்காமல் ஜிப்சம் போடச் சொன்னேன். கடன் வாங்கிப் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. உவர் மண் வேறு, களர் மண் வேறு. சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் இறுகித் தண்ணீர் இறங்காமல் நிற்பது களர், அதற்குத்தான் ஜிப்சம். உங்களுடையதுபோல் மணலில் உப்பு சும்மா தங்கி நிற்பது உவர். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். மழையே அந்த வேலையைச் செய்து கொடுக்கும். அந்தக் குடும்பத்துப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து மண் சீட்டைப் பார்க்காமல் யாருக்கும் மூட்டைக் கணக்குச் சொன்னதில்லை.

இப்போது உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். கொல்லைப்புறத்தில் அப்பா காலத்து உறைகிணறு 14 அடியில் இருப்பதாகவும், போர் போட்ட பிறகு அதைப் பலகையால் மூடிவிட்டதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் மெலிந்துகிடக்கும் நிலம் நம்முடையது. மணலில் இறங்கிய மழைநீர், எடை குறைவானதால், கீழே உள்ள கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நம் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் மொண்டது இந்த மிதப்பிலிருந்துதான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீரைத் தாங்கும் என்பது கணக்கு. அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால் கீழேயிருந்து உப்புநீர் ஏறும். ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது மற்ற ஊர்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே 80 அடி என்பது உப்பைத் தேடிப்போவது.

பலகையை எடுங்கள். தூர் வாருங்கள். அந்த நீரையும் சோதித்துப் பாருங்கள். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மண், தண்ணீர் இரண்டையும் பற்றி அங்கே நேரில் போய்ப் பேசலாம். நீர் நன்றாக இருந்தால் வாளியும் கயிறும் போதும், மோட்டார் வேண்டாம். காலையில் பத்து வாளி, மாலையில் பத்து வாளி. ஊற நேரம் கொடுத்தால் கிணறு நல்லதையே கொடுக்கும். கூடவே மாடியில் விழும் மழையையும் பிடியுங்கள். 600 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேதம் போக 500 லிட்டர் வரும். நமக்கு மழை என்பதே ஐப்பசி, கார்த்திகைதான். அதற்குள் தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

செம்பருத்தியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் வேறு. நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் வெளுத்திருந்தால், அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. முருகைக்கல் முழுக்கச் சுண்ணாம்பு. அது கரையக் கரைய வேர் இரும்பை எடுக்க முடியாமல் போகிறது. பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த கற்கள் என்று எழுதியிருப்பதால் அவற்றை வேரடியிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் போட்டுவிடுங்கள். ஆனால் கடற்கரையிலிருந்து புதிதாக ஒரு கல்கூட எடுக்கவேண்டாம். பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், மன்னார் வளைகுடாவில் மீன் குஞ்சு பொரித்து வளர்வதே அந்தப் பாறை இடுக்குகளில். இலைக்கு, லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை தெளியுங்கள். பச்சை திரும்பியதும் நிறுத்திவிடலாம்.

சரி, எதை நடுவது? முதலில் காற்றுக்கு மறைப்பு. ஆனியிலிருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலையும் உப்புத் துகளையும் அள்ளிவந்து போடும். தென்மேற்கு ஓரத்தில் பூவரசம்போத்து (வெட்டிய கிளை) வரிசையாக ஊன்றுங்கள், இடையிடையே அரளி வையுங்கள். அவை எழும்பும்வரை இரண்டு வருடத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டிக்கொள்ளுங்கள். பூவரசு கடலோர மரம். போத்தை ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். அதோடு, சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருப்பீர்களே! எனக்கு வயலினுக்கு முன்னால் வாய்த்த முதல் வாத்தியம் அதுதான். என் பேத்திக்குப் போன மாதம் சுருட்டிக் கொடுத்தேன். சத்தம் வந்ததும் அவள் முகம் போன போக்கை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ஒரு சப்போட்டா, ஒரு முருங்கை, இரண்டு தென்னை. இவை கொஞ்சம் உப்பைப் பொறுக்கும். வேலி ஓரம் காகிதப்பூ, நித்தியகல்யாணி. ஒரு பாத்தியில் முண்டு மிளகாய் போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்து மிளகாய்; மழையை நம்பி விதைத்து, தையிலிருந்து பறிக்கலாம்.

பூவுக்கு ரோஜாவை மறந்துவிடுங்கள், குண்டுமல்லிக்கு வாருங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது. எங்கிருந்தோ வண்டியில் வந்த ரோஜாவை வாங்கினீர்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டினால் தங்கச்சிமடம். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறார்களே, அந்தத் தோட்டங்களுக்கே நாற்று போவது அந்தத் தீவு மணலிலிருந்துதான். மணலில் வேர்விட்டுப் பழகிய செடி. நல்ல தண்ணீர் மட்டும் கேட்கும், அதற்குத்தான் உறைகிணறு. பதினாறு செடி போதும். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி. குழிக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம். செடிக்குச் செடி நான்கு அடிக்குக் குறையாத இடைவெளி. மழைக்கு முன் நட்டால் வேர் பிடித்துவிடும். அடுத்த ஆண்டிலிருந்து கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பங்குனியில் மொட்டுக் கட்டும். காய்ந்த ரோஜாக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவியை நாற்று வாங்கக் கூட்டிக்கொண்டு போங்கள். எது நல்ல நாற்று என்று அவர்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

இனி ஆர்மோனியம். பெட்டியை விற்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பது வயதில் பரமக்குடியில் வயலின் கற்கத் தொடங்கியவள். கல்யாணம், குழந்தைகள், ஜீப்பில் ஊர் ஊராகக் களப்பணி. இடையில் 11 ஆண்டுகள் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. உப்புக்காற்று படாமல் இறுக்கி மூடி, பீரோவின் மேல் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 52 வயதில் திறந்தபோது தந்திகள் துருப்பிடித்து, வில்லின் முடியைப் பூச்சி அரித்து, பின்பலகையின் ஒட்டு ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. மதுரையில் வாத்தியங்கள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “வாசிக்காமல் வைத்ததால் வந்த வியாதி” என்றார். அவரே ஆர்மோனியமும் பார்ப்பவர். அவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்டாப்பர்களை எல்லாம் மூடிவிட்டு, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியை நன்றாக அடித்து நிரப்புங்கள். கையை எடுத்த பிறகும் காற்று நின்றால் துருத்தி நலம். உடனே தளர்ந்தால் எங்கோ கசிகிறது. மடிப்பில் எலியோ இராமபாணப் பூச்சியோ கடித்திருக்கும். எழாத கட்டைகளுக்குக் காரணம், மரம் ஈரத்தில் உப்பியதோ, அடியில் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்ததோ. பேசாத மூன்று கட்டைகளில் ரீடு, அதாவது ஒலி எழுப்பும் பித்தளை நாக்கு, செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பித்தளை நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் உண்டு. அதில் ஒரு தூசியோ பச்சைக் களிம்போ அடைத்தால் ரீடு வாயை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் சுத்தம் செய்தாலே பேசிவிடும். ஆனால் நீங்கள் உப்புக் காகிதத்தையோ அரத்தையோ எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், போனது போனதுதான். மெக்கானிக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம், ஒட்டு விடும், பலகை வெடிக்கும். மென்மையான காய்ந்த தூரிகையால் மேலே தூசியைத் தட்டிவிட்டு, பழகிய கையிடம் கொண்டுபோங்கள். ரீடுகள் ஜெர்மனியில் செய்தவையா, குஜராத்தின் பாலித்தானாவில் செய்தவையா என்று அவர் பார்த்துச் சொல்வார். எதுவானாலும் மாற்றச் சம்மதிக்காமல், முடிந்தவரை அவற்றையே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரிலிருந்து தள்ளி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டைத் துணிப்பையில் போட்டு உள்ளே வைக்கலாம். அதைவிடப் பெரிய மருந்து, தினமும் வாசிப்பது. காற்று ஓடிக்கொண்டிருக்கும் ரீடில் களிம்பு சுலபத்தில் ஏறாது.

அந்தப் புள்ளிக்கு வருகிறேன். மூன்று கறுப்புக் கட்டைகளில் முதலாவது என்றால் அது நாலரைக் கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சுருதியைச் சொல்வது வழக்கம்; இது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் அப்பா நின்ற மேடைகளை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பிருந்தே நாடகக்காரர்கள் நாலு, ஐந்து கட்டையில் பாடிப் பழகியவர்கள். கடைசி வரிசையில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும் அல்லவா! இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை அந்தச் சுருதியில் நின்றிருக்கிறார். அந்தப் புள்ளி மேடைக்கு வைத்த புள்ளி. நீங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, 43 ஆண்டுகள் பாடாத தொண்டையோடு அதே இடத்தில் தொடங்கினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? ஆண்குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை வழக்கமானது. எனக்கும் இளம்வயதில் ஐந்தரையில் பாட வரும். இப்போது நாலரைக்கு இறங்கிவிட்டேன். இறக்கிய அன்று அழுகை வந்தது உண்மை. ஒரு வாரத்தில் மேல் ஸ்தாயியில் எட்டாமல் போயிருந்த இரண்டு ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கின.

ஆகவே ஒரு கட்டையை, அதாவது இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்த இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் வெள்ளையை, சட்ஜமாக வைத்துத் தொடங்குங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. ச வெள்ளை, ரி அதையடுத்த கறுப்பு, பிறகு க, ம, ப மூன்றும் வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை, மேல் ச வெள்ளை. மோதிர விரலை வற்புறுத்தாதீர்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலேயே காலம் முழுக்க வாசித்த பின்பாட்டுக்காரர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே வரிசையை முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) மட்டும், குரலும் விரலும் ஒன்றாகப் போகிறதா என்று கேட்டுக் கேட்டு வாசியுங்கள். இரண்டாம் காலத்துக்கு ஒரு மாதம் பொறுங்கள். நான் விடியற்காலையில் முதலில் 20 நிமிடம் வாசித்துவிட்டுத்தான் வாளியை எடுக்கிறேன். நீர் இறைத்த பிறகு கை நடுங்கும், வில் நிற்காது. உங்களுக்கும் இந்த வரிசையே சரிப்படும்.

இதெல்லாம் கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்ற வாத்தியமே இல்லை என்று யாராவது சொல்வார்கள். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் முழுதாக வராது என்பது மெய்தான். அகில இந்திய வானொலியே 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்து, 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. வானொலி அதைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்த அந்த 31 ஆண்டுகளிலும் நம் ஊர்த் திருவிழா மேடைகளில் அது ஒருநாள்கூட ஓயவில்லை. உங்கள் அப்பா போன்றவர்கள் தூக்கிச் சுமந்தார்கள். ராமநாதபுரம் தண்ணீருக்கு வறண்ட ஊராக இருக்கலாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குருவான பூச்சி சீனிவாச ஐயங்காரும், மிருதங்கம் முருகபூபதியும் இந்த ஊர்ப் பெயரோடுதான் அறியப்படுகிறார்கள். கச்சேரி மேடை ஒரு பக்கம் என்றால் நாடக மேடை மறுபக்கம். அந்தப் பக்கத்துக்காரர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகனைப் பற்றி. அவர் பேச்சு உங்களுக்கு வலித்திருக்கிறது, அது எழுத்தில் தெரிகிறது. ஆனால் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது? 27 ஆண்டுகள் வெயிலில் சம்பாதித்த பணம் 80 அடி குழியிலும் ரோஜாக் குச்சியிலும் போனது தெரிந்தது. அவர் கோபத்தில் உங்கள்மேல் உள்ள அக்கறையும் கலந்திருக்கிறது. பழுதுக்கு இவ்வளவு, தோட்டத்துக்கு இவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசி, நோட்டில் எழுதி, அதைத் தாண்டாதீர்கள். மேலே நான் சொன்னவற்றில் பணம் கேட்பவை குறைவு. போத்து அக்கம்பக்கத்தில் கிடைக்கும், ஓலை கிடக்கிறது, கிணறு இருக்கிறது.

அதற்கு மேல் ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை இரவுகளைப் பற்றி அவரிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? ஆறு பேர் படுக்கும் அறை, கட்டிலுக்குக் கட்டில் துணித்திரை, ஊரிலிருந்து போன் வராத வாரங்கள். ஒரு மணி நேரம் நீங்கள் வாசிப்பதற்காக வாரம் முழுவதும் காத்திருந்தவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். எண்ணெய் டின்னில் கிள்ளிய புதினாவின் வாசனைக்கே கண் கலங்கியவர்கள் இருந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு நாம் அனுப்பிய பணம் தெரியும், அங்கே எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியாது. நாம்தான் சொல்லவில்லை. இதைப் பொழுதுபோக்கு என்று நீங்களும் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பொழுது போகாமல் நீங்கள் இதைச் செய்யவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு செய்தீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டிப் போனால் வரும் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம், ராக்கெட் வேலைக்கு நடுவிலும் வீணையை விடவில்லை. குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போன பிறகு அங்கே மூலிகைத் தோட்டம் போட்டார். மகனுக்கு இதையும் சொல்லுங்கள், ஆனால் கேம்ப் கதையை முதலில் சொல்லுங்கள்.

இப்போது ஆவணி. கிணற்றுத் தூரை இந்த மாதமே வாருங்கள். தண்ணீர்ச் சீட்டு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மின்கடத்துதிறன் 1.5க்குள் இருந்தால் யோசிக்காமல் புரட்டாசியில் மல்லிகை நடலாம். அதற்கு மேல் இருந்தால் குழி எடுப்பதற்கு முன் என்னோடு பேசுங்கள். பெட்டியைப் பழுதுக்குக் கொடுக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கட்டைகளைத் துடைக்க அவர்கள் தின்னர் போடுவார்கள். அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா